தெற்கே வந்து தங்கிய விண்மீன்



இத்தொடரில் இதுவரை நூல்களைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் பேசி வந்தோம். இன்று ஒரு விண்மீனைப் பற்றிப் பேச விழைகிறேன். விண்மீனுக்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட விண்மீனைப் பொறுத்தவரையில் தொடர்பு மிக நெருங்கியது. ஏனெனில் தமிழுக்கு இலக்கணம் செய்தவர் என்று நம் முன்னோர் போற்றிய அகத்தியரின் பெயரே அதற்கும் இட்டு வழங்கப்படுகிறது.

நமது பஞ்சாங்கத்திலே அச்சுவினி முதல் ரேவதி ஈறாக 27 நட்சத்திரங்கள் உண்டு. அகத்திய விண்மீன் அவற்றுள் ஒன்றன்று. அந்த நட்சத்திரத்தில் பிறந்தவர் என்று எவரும் இல்லை. எந்தச் சாதகக் குறிப்பிலும் அதைக் காணமுடியாது. ஆனால் அந்த 27 நட்சத்திரங்களுள் எதனைக்காட்டிலும் அது கூடிய ஒளியுடையது. இரவு வானிலே தெரியும் விண்மீன்கள் யாவற்றுள்ளும் சிரியஸ் முதலாவது, இது இரண்டாவது. மேனாட்டார் இதனைக் கானோபஸ் என்பர்.

இத்தனை ஒளியுள்ள ஒன்று ஏன் பஞ்சாங்கத்தில் இடம்பெறவில்லை? காரணம் எளிது. சந்திரன் மாதந்தோறும் வானிலே செல்லும் பாதையை ஒட்டி உள்ளவையே அந்த 27உம். சந்திரன் ஒவ்வொரு நாளும் எந்த நட்சத்திரத்தோடு கூடுகிறது என்று பார்ப்பதே அந்த ஏற்பாடு. அகத்தியரோ அந்தப் பாதையிலிருந்து ஏறத்தாழ 76 பாகை விலகித் தெற்கே நிற்பவர். சந்திரன் ஒருபோதும் அவர் வீட்டுக்குப் போவதில்லை. இந்த விலகலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேறோரிடத்தில் இது நமக்கு உதவும்.

முதலில் விண்மீனை அடையாளம் காண்போம். பெப்ரவரி மாத முற்பகுதியில் இரவு 9 மணியளவில் வெளியே வந்து தெற்கு நோக்கி நில்லுங்கள். தலைக்கு மேலே, ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களை இடையிலே கொண்ட வேட்டைக்காரன் தொகுதி தெரியும். திருவாதிரை அதைச் சேர்ந்ததுதான். அதற்குச் சற்றுக் கீழே தெற்கு வானில், மிகப் பிரகாசமாக வெண்ணீலமாய் மின்னுவது சிரியஸ். அங்கிருந்து நேரே தெற்கு அடிவானத்தை நோக்கிப் பார்வையை இறக்குங்கள். பாதி வழிக்கு மேல் இறங்கியதும் அமைதியாக ஒளிரும் இன்னொரு பெரிய விண்மீன் எதிர்ப்படும். அதுதான் அகத்தியர். யாழ்ப்பாணத்தில் அது அடிவானத்திலிருந்து 27 அல்லது 28 பாகை உயரம்வரை ஏறும். கொழும்பில் 30 பாகை. தென்னை மரங்களும் வீடுகளும் மறைக்காவிட்டால் தவறவே மாட்டீர்கள்.

ஊருக்கு ஊர் இந்த உயரம் மாறுகிறது என்பதே இந்த விண்மீனின் கதைக்கெல்லாம் திறவுகோல். பூமி உருண்டை ஆகையால், தெற்கே ஒரு பாகை, அதாவது சுமார் 111 கிலோமீற்றர் போனால், தென்திசை விண்மீன் வானில் ஒரு பாகை உயர்கிறது. வடக்கே போனால் அதே அளவு தாழ்கிறது. டில்லியிலே இந்த விண்மீன் 9 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. வடக்கு அகலக்கோடு 37 பாகையைத் தாண்டினால் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ஏதென்ஸ் நகரத்தார் அதைக் கண்டதில்லை. உரோமாபுரியாரும் கண்டதில்லை. இலண்டனிலும் பாரிசிலும் ஆயுள் முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் காணமுடியாது. காணவேண்டுமானால் ஊரை விட்டுத் தெற்கே வரவேண்டும்.

இப்போது பெயர்களைப் பார்ப்போம். ஒரு விண்மீனுக்கு இடப்பட்ட பெயர், அந்த விண்மீனைப் பற்றிச் சொல்வதைவிடப் பெயரிட்டவன் எங்கே நின்றான் என்பதையே கூடுதலாகச் சொல்கிறது என்பது என் எண்ணம். கானோபஸைப் போல இதற்குச் சான்று தரும் விண்மீன் வேறொன்றை நான் அறியேன்.

நம் நாட்டுக் கதையிலிருந்து தொடங்குவோம். விந்தியமலை செருக்குற்று வளர்ந்து கதிரவன் வழியை மறித்தது. வடக்கிலிருந்து வந்த அகத்தியர், நான் தெற்கே போய்த் திரும்பும்வரை தாழ்ந்து நில் என்று மலையிடம் கேட்டுக்கொண்டார். மலை தாழ்ந்தது. முனிவர் தெற்கே போனார்; திரும்பவேயில்லை. பொதியமலையில் தங்கிவிட்டார். மலை இன்னும் தாழ்ந்தே நிற்கிறது. இக்கதையை வட இந்தியாவில் நிற்பவன் கண்ணோடு பாருங்கள். தெற்கு மலைகளுக்கு அப்பால், தாழ்வாக, சில மாதங்கள் மாத்திரம் தெரிந்து மறையும் பெருவிண்மீன் ஒன்று. மலையைக் கடந்து தெற்கே நடப்பவனுக்கு அது உயர்ந்துகொண்டே போகிறது. நம்மவர் ஒருவர் முன்னே போய் அங்கே தங்கிவிட்டார் என்று அவன் நினைத்தால் வியப்பில்லை.

அகத்தியருக்கு வழங்கும் மற்றப் பெயர்களும் இவ்வாறே பொருந்தி வருகின்றன. குடத்திலே பிறந்ததால் குடமுனி, உருவத்தால் குறுமுனி. வானத்தின் உச்சிக்கு ஒருபோதும் ஏறாமல் அடிவானத்தோடு நிற்கும் விண்மீனுக்குக் குறுமுனி என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்! பெயர் விண்மீனிலிருந்து வந்தது என்று நான் வாதிடவில்லை. பொருத்தத்தை எண்ணி மகிழ்கிறேன், அவ்வளவே. கடலைக் குடித்தவர் என்ற கதைக்கும் விண்மீனோடு உறவு உண்டு. இந்த விண்மீன் சில வாரங்கள் கதிரவன் ஒளியில் மறைந்திருந்து, பின்னர் விடியற்புறத்தில் மீண்டும் தோன்றும். நம் நாட்டில் ஆடி மாதக் கடைசியில் இது நிகழும். வடக்கே போகப்போகப் பிந்தி நிகழும். அங்கே அது மழைக்காலம் ஓயும் வேளை. கலங்கிய ஆறுகளும் குளங்களும் தெளியும் காலம். ஆகவே அகத்தியர் உதித்தால் நீர் தெளியும் என்ற நம்பிக்கை வடமொழி இலக்கியத்தில் வேரூன்றியது. காளிதாசர் இரகுவமிசத்தில் இதனைக் குறிப்பிடுகிறார். ஆறாம் நூற்றாண்டில் உச்சயினியில் வாழ்ந்த வராகமிகிரர், தமது பிருகத் சங்கிதையில் இந்த விண்மீனின் உதயத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அரசன் அதற்கு அர்க்கியம் கொடுக்கவேண்டிய முறையையும் விதித்திருக்கிறார்.

தமிழிலே, வையையைப் பாடும் பரிபாடல் பதினோராம் பாட்டில் நல்லந்துவனார் கோள்கள் நின்ற இராசிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவருகையில், பொதியில் முனிவனாகிய விண்மீனை மிதுனத்தோடு சேர்த்துச் சொல்கிறார். அந்தக் கோள்நிலையை வைத்து எல்.டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை அவர்கள் கி.பி. 634ஆம் ஆண்டு என்று கணக்கிட்டார்கள். சங்க நூலொன்றுக்கு அவ்வளவு பிந்திய காலம் பொருந்தாது என்று மறுத்தவர் பலர். அந்த வழக்கிற்குள் நாம் இறங்க வேண்டாம். இங்கே நமக்கு வேண்டியது, வையைப் பெருக்கைப் பாட வந்த புலவனின் கண்ணுக்கு இந்த விண்மீனும் பட்டது என்பதே. மணிமேகலைப் பதிகம் காவிரி அகத்தியரின் கரகத்திலிருந்து பிறந்த கதையைச் சொல்கிறது. நமது ஈழத்திலும் மாவலிகங்கைக் கரையிலுள்ள தலத்தை அகத்தியரோடு சேர்த்துப் பாடும் திருக்கரைசைப் புராணம் இருக்கிறது. நீரும் அகத்தியரும் எங்கே போனாலும் பிரியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி மேற்கே போவோம். கிரேக்கர் கதையில் கானோபஸ் என்பவன் மெனெலாவுஸ் மன்னனின் மாலுமி. திரோய் நகரப் போர் முடிந்து திரும்பும் வழியில் எகிப்தின் கரையிலே பாம்பு தீண்டி இறந்தான். அவனைப் புதைத்த இடத்தில் எழுந்த ஊருக்கும், அந்தத் தெற்குக் கடலின் மேலே தெரிந்த விண்மீனுக்கும் அவன் பெயர் நிலைத்தது என்பர். ஆக, இவனும் தெற்கே போய்த் திரும்பாதவன்! எகிப்திய மொழியில் பொன்னிலம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்று சொல்வோரும் உண்டு.

இந்த மாலுமியைக் கொண்டு ஒருவர் பூமியையே அளந்தார். கி.மு. முதலாம் நூற்றாண்டில் உரோட்ஸ் தீவில் வாழ்ந்த பொசிடோனியஸ் என்ற அறிஞரே அவர். உரோட்சில் கானோபஸ் அடிவானத்தைத் தொட்டுவிட்டு மறைகிறது. தெற்கே அலெக்ஸாந்திரியாவில் ஒரு வட்டத்தின் 48இல் ஒரு பங்கு உயரத்துக்கு ஏறுகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே 5,000 ஸ்தாதியம் தூரம். அப்படியானால் பூமியின் சுற்றளவு 48 மடங்கு 5,000, அதாவது 240,000 ஸ்தாதியம். உயரத்தையும் தூரத்தையும் அவர் கூட்டியே எடுத்தார். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் விடை உண்மைக்கு வெகுதூரமில்லை. எழுத்தாணியும் ஒரு விண்மீனும் மாத்திரம் கொண்டு செய்த கணக்கு இது.

அராபியர் இதனைச் சுஹைல் என்பர். அவர்களது பழங்கதையில் சுஹைல் ஒரு மணமகன். தான் மணந்த அல்-ஜவ்சா என்னும் பெண்ணின் இறப்புக்குக் காரணமாகி, பழிக்கு அஞ்சித் தெற்கே ஓடினான். சிரியஸும் புரோசியனும் அவனுடைய சகோதரிகள். ஒருத்தி பால்வீதியாகிய ஆற்றைக் கடந்து அவனைத் தொடர்ந்தாள். மற்றவள் கடக்கமாட்டாமல் அக்கரையிலே நின்று கண் மங்கும்வரை அழுதாள். வானத்தைப் பார்த்தால் கதை விளங்கும். சிரியஸும் புரோசியனும் பால்வீதியின் இரு கரைகளில் நிற்கின்றன. வளைகுடா நாடுகளில் ஓகஸ்ட் மாதக் கடைசியில் சுஹைல் விடியலில் தோன்றுவதைக் கோடையின் கொடுமை தணியும் அடையாளமாக இன்றும் எதிர்பார்ப்பார்கள். பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, இந்தியரின் அகத்தியரும் தம்மவரின் சுஹைலும் ஒன்றே என்று எழுதிவைத்தார்.

சீனர் இதைத் தென்முனைக் கிழவர் என்றனர். நீண்ட நெற்றியும் கையில் தடியுமாக வரையப்படும் நீடாயுள் தெய்வம் இவரே. பண்டைய தலைநகராகிய சாங்கானில் நின்றால் இந்த விண்மீன் அடிவானத்துக்கு மேலே 3 பாகைதான் எழும். சற்றுப் புகார் இருந்தாலும் தெரியாது. கிழவரைக் காண்பது அவ்வளவு அருமை. கி.மு. முதலாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சிமா சியென், இவ்விண்மீன் தோன்றினால் நாட்டில் அமைதி. தோன்றாவிட்டால் போர் என்று குறித்திருக்கிறார்.

மாலுமி, முனிவர், ஓடிப்போனவன், கிழவர் — நான்கு மக்கள், நான்கு கதை. நான்கும் ஆட்களின் பெயர்கள். நால்வரும் தெற்கே ஒதுங்கியவர்கள். இவை ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கியவை என்று கொள்ளவேண்டியதில்லை. வடக்கே நின்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்த விண்மீன் ஒரே வகையாகத்தான் தெரிந்தது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. நியூசிலாந்தின் பெரும்பகுதியில் இந்த விண்மீன் மறைவதே இல்லை. ஆண்டு முழுவதும் இரவெல்லாம் வானத்தில் நிற்கும். அங்குள்ள மயோரி மக்கள் இதனை அட்டுதாகி என்பர். விண்மீன்களெல்லாம் பால்வீதியாகிய கூடைக்குள் இடப்பட்டபோது, அதனுள் புகாமல் தனித்து வெளியே நின்ற தலைவன் அவன். அங்கே அவன் எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் ஓடவுமில்லை. பார்ப்பவர் நிற்கும் இடம் மாற, ஓடியவன் தலைவனாகிவிட்டான்.

அப்படியாயின் இலங்கையில் நின்று பார்த்தவர் என்ன சொன்னார்? நேயர்களே, இதற்கும் ஒரு பதிவு இருக்கிறது. அதைக் காத்துத் தந்தவர் உரோம அறிஞர் பிளினி. கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட குளோடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் பணியாள் ஒருவன் அராபியக் கரையில் காற்றால் அடிக்கப்பட்டுத் தப்ரபேன் தீவின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தான். தப்ரபேன் நமது தீவுதான். ஹிப்புரோஸ் என்பது குதிரைமலை என்று கருதுவோர் உண்டு. அரசன் அவனை ஆறு மாதம் உபசரித்தான். வெவ்வேறு சக்கரவர்த்திகளின் உருவம் பொறித்த உரோம நாணயங்கள் யாவும் ஒரே நிறையாக இருப்பதைக் கண்டு உரோமரின் நேர்மையை வியந்து, நால்வரைத் தூதாக அனுப்பினான். அவர்களின் தலைவன் பெயரைப் பிளினி இராக்கியாஸ் என்று எழுதுகிறார்.

இத்தூதுவர் உரோமாபுரியின் வானத்தைப் பார்த்துப் புதிய வானம் கண்டவர்போல் வியந்தார்களாம். சப்தரிஷி மண்டலமும் கார்த்திகையும் அவர்களுக்குப் புதியனவாம். தம் நாட்டில் சந்திரன் எட்டாம் நாள் முதல் பதினாறாம் நாள்வரையே தெரியும் என்றார்களாம். இவை உண்மையாக இருக்கமுடியாது. கார்த்திகை நமக்குத் தலைக்குமேல் வரும் நட்சத்திரம். சந்திரனைப் பிறை நாளிலேயே காண்கிறோம். மொழிபெயர்த்தவனோ எழுதியவனோ எங்கேயோ குழப்பிவிட்டான். ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது: தம் நாட்டு இரவுகளுக்குக் கானோபஸ் என்னும் பெரிய, ஒளிமிக்க விண்மீன் விளக்காக இருக்கிறது என்று அத்தூதுவர் சொன்னார்களாம். இது முற்றிலும் உண்மை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த உரோமாபுரியார் தங்கள் நகரத்தில் நின்று அதைச் சரிபார்க்க வழியே இல்லை. இலங்கையர் வாய்மொழியாகப் பிறநாட்டு நூலில் ஏறியவற்றுள் மிகப் பழையவை இவை. அவற்றுள்ளே ஒன்று, எங்கள் வானத்தில் ஒரு விண்மீன் இருக்கிறது, உங்களுக்கு அது தெரியாது என்பதாக அமைந்தது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தருவது.

இனி, கதைகளை விட்டு விண்மீனிடமே போவோம். கானோபஸ் நம்மிலிருந்து சுமார் 310 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இத்தொலைவு அண்மைக்காலம்வரை உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. 100 ஒளியாண்டுக்குக் குறைவு என்றவரும், 1,000க்கு மேல் என்றவரும் இருந்தனர். 1989இல் ஐரோப்பியர் ஏவிய ஹிப்பார்க்கஸ் என்ற செய்மதி விண்மீன்களின் மிகச் சிறிய இடப்பெயர்வை அளந்து, 1997இல் வெளியான அதன் பட்டியல் இவ்வழக்கைத் தீர்த்தது. 310 ஒளியாண்டு என்றால், இன்றிரவு நம் கண்ணில் படும் ஒளி, கண்டியில் நரேந்திரசிங்க மன்னன் ஆண்ட காலத்திலே புறப்பட்டது. இராக்கியாஸ் தன் ஊரில் நின்று பார்த்த ஒளியோ அசோகன் ஆட்சிக்கு வந்த காலத்தை ஒட்டிப் புறப்பட்டது.

சிரியஸ் கானோபஸைவிடப் பிரகாசமாகத் தெரிகிறது. அது 8.6 ஒளியாண்டு தொலைவில், நம் அயலிலே இருப்பதுதான் காரணம். உண்மை ஒளியில் சிரியஸ் 25 சூரியன்களுக்குச் சமன். கானோபஸோ 10,000 சூரியன்களுக்கு மேல். சிரியஸ் நிற்கும் இடத்தில் அதை வைத்தால், வெள்ளிக் கிரகத்தைப்போல் 30 மடங்குக்கு மேல் ஒளிரும். பகலிலும் தெரியும், இரவிலே நமக்கு நிழல் விழுத்தும். அடுத்த வளவில் எரியும் கைவிளக்கையும், நெடுந்தூரத்துக் கலங்கரை விளக்கையும் ஒருங்கே பார்ப்பதுபோலத்தான் நாம் இவ்விரண்டையும் பார்க்கிறோம்.

அதன் குறுக்களவு சூரியனைப்போல் 70 மடங்குக்கு மேற்பட்டது. சூரியனின் இடத்தில் அதை வைத்தால் புதன் கிரகத்தின் பாதைக்கு அருகாக வந்துவிடும். மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 7,400 கெல்வின், சூரியனைவிட அதிகம். ஆதலால் அதன் நிறம் வெண்மை. மிகச் சிறிது மஞ்சள் சாயல் உண்டு. அடிவானத்தோடு பார்க்கும் வடநாட்டாருக்குச் செந்நிறமாகத் தெரிவது காற்றின் வேலை. மாலைச் சூரியன் சிவப்பது போலத்தான். அதன் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 8 முதல் 10 மடங்கு. நிறை கூடிய விண்மீன் எரிபொருளை விரைவில் தீர்த்துவிடும். சூரியனுக்கு 1,000 கோடி ஆண்டு ஆயுள் என்றால், இதற்குச் சில கோடி ஆண்டுகளே. அதன் நடுவிலிருந்த ஐதரசன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு பருத்திருக்கிறது. சீனர் நீடாயுளுக்கு அடையாளமாகக் கொண்ட கிழவர், விண்மீன்களின் கணக்கில் அற்பாயுள்காரர். எனினும் மனிதர் கணக்கில் அஞ்ச வேண்டியதில்லை.

பழைய கிரேக்கர் இதனை ஆர்கோ என்னும் கப்பல் வடிவத் தொகுதியின் சுக்கான் துடுப்பிலே வைத்தனர். 1603இல் பேயர் என்ற ஜெர்மானியர் அக்கப்பலின் முதல் விண்மீன் என்று கிரேக்க எழுத்து அல்பாவை இதற்கு இட்டார். கப்பல் தொகுதி மிகப் பெரிதாக இருந்தபடியால், நன்னம்பிக்கை முனைக்குச் சென்று தென்வானத்தை ஆராய்ந்த பிரெஞ்சு வானியலாளர் லக்காய் பதினெட்டாம் நூற்றாண்டில் அதை அடிமரம், பின்னணியம், பாய் என மூன்றாகப் பிரித்தார். அடிமரப் பகுதி நம் விண்மீனுக்கு வாய்த்தது. கானோபஸ் என்ற பெயரைச் சர்வதேச வானியல் ஒன்றியம் முறைப்படி ஏற்றது 2016ஆம் ஆண்டிலேதான்.

மாலுமியின் பெயர் கொண்ட விண்மீன் பிற்காலத்தில் உண்மையாகவே மாலுமி வேலை பார்த்தது. 1964 நவம்பரில் செவ்வாய்க்குப் புறப்பட்ட மரினர் 4 என்ற அமெரிக்க விண்கலம் திசை தவறாமலிருக்க இரண்டு அடையாளங்கள் வேண்டியிருந்தன. ஒன்று சூரியன். மற்றது கானோபஸ். கிரகங்கள் செல்லும் தளத்திலிருந்து 76 பாகை விலகி நிற்பதால், அது ஒருபோதும் சூரியனின் அருகே வந்து கண் கூசவைக்காது. எந்த விலகலுக்காகப் பஞ்சாங்கம் அகத்தியரைச் சேர்த்துக்கொள்ளவில்லையோ, அதே விலகலுக்காக விண்கலம் அவரைத் தேர்ந்தெடுத்தது! கலத்தின் கண் தொடக்கத்தில் வேறு விண்மீன்களைப் பிடித்துக்கொண்டு மயங்கியது. பின்னர் கானோபஸை அடையாளம் கண்டு, 1965 ஜூலையில் செவ்வாயை நெருங்கி முதன்முதலாகப் படம் எடுத்தது. 1977இல் புறப்பட்ட வொயேஜர் கலங்களிலும் இவ்விண்மீனை நோக்குவதற்கென ஒரு கருவி பொருத்தப்பட்டிருந்தது.

இந்த விண்மீனை எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் அயலிலிருந்த முதியவர். இளமையில் பாய்க்கப்பலில் போய்வந்தவர். நாங்கள் அவரைத் தண்டையல் அப்பு என்போம். 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. போத்தல் விளக்கையும் நேரத்தோடு அணைத்துவிட்டு முற்றத்திலே இருப்போம். அந்த இருட்டில் வானம் எப்படித் தெரிந்தது என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "தம்பி, உந்தா, அதுதான் அகத்தியர். வடக்கையிருந்து வந்தவர். திரும்பிப் போகேல்லை" என்றார் அவர். சிமா சியென் எழுதியதைப் பின்னர் படித்தபோது எனக்கு இந்த முற்றம் நினைவுக்கு வந்தது. தென்முனைக் கிழவர் தெரிந்தால் அமைதி என்றாரே. நாங்கள் அவரை ஆகத் தெளிவாகக் கண்ட ஆண்டுகள் போர் நடந்த ஆண்டுகள். போர்தான் விளக்குகளை அணைத்து அவரைக் காட்டியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனமெல்லாம் நடந்தபோதோ மழை. அகத்தியர் உதித்திருக்க வேண்டிய நேரந்தான், ஒன்றும் தெரியவில்லை. தண்டையல் அப்புவைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு வன்னியிலே காலமானார்.

பிறகு நம்மவர் பலர் அகத்தியருக்கு எதிர்த்திசையில், வடக்கே போனார்கள். இலண்டனிலும் தொரொன்டோவிலும் ஒஸ்லோவிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ ஆயிரம். அந்நகரங்களில் இவ்விண்மீன் ஒருநாளும் உதிப்பதில்லை. அகத்தியர் தமிழ் வளர்த்தார் என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பார்கள். அகத்தியரை வானத்தில் கண்டிருக்கமாட்டார்கள். மெல்பேர்ணில் இருப்பவர்களுக்கோ அது மறையாத விண்மீன். ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இல்லாத விண்மீன், மற்றப் பிள்ளைக்கு எந்நேரமும் உள்ள விண்மீன், ஊரில் இருக்கும் தாய்க்கு மார்கழி தொட்டுச் சித்திரைவரை முன்னிரவில் தெரியும் விண்மீன்.

ஆகவே நேயர்களே, தை மாசியில் விடுமுறைக்கு வடக்கு நாடுகளிலிருந்து யாரேனும் வந்தால், இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்து வாருங்கள். வெளி விளக்கைச் சற்று நேரம் அணைத்துவிடுங்கள். சிரியஸைக் காட்டி, அங்கிருந்து நேரே கீழே இறங்கச் சொல்லுங்கள். குறுமுனியின் கதையையும் 310 ஆண்டுப் பயணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்று மற்றதைக் கெடுக்காது. திரும்பிப் போனதும் தங்கள் வகுப்பில், எங்கள் ஊர் இரவில் ஒரு பெரிய விண்மீன் எரிகிறது, இங்கே நின்று அதைக் காணமுடியாது என்று அவர்கள் சொல்லட்டும். இராக்கியாஸ் உரோமாபுரியில் சொன்னதும் அதைத்தான்.